எட்டு சென்டிமீட்டர் வட்டம்

பிப்ரவரி 9

அண்ணாவுக்கு,

நலம் விசாரிக்க எழுதவில்லை. வேலை விஷயமாக எழுதுகிறேன், அதனால் பயப்பட வேண்டாம்.

எங்கள் தையல் கூடத்துக்கு ஒரு விநோதமான ஆர்டர் வந்திருக்கிறது. புதிதாகத் திறக்கப்போகும் குழந்தைகள் நூலகத்தில் தொங்கவிட, துணியால் ஒரு பூமி உருண்டை. குறுக்களவு இரண்டு மீட்டர். எங்கள் சூப்பர்வைசர் பெரிய கெட்டிக்காரர் அல்லவா, சுவரில் மாட்டும் உலக வரைபடத்தை அப்படியே துணியில் அச்சடித்து வாங்கி வந்துவிட்டார். உருண்டையைச் சுற்றிப் போர்த்தினோம். இடுப்பில் கச்சிதமாக உட்கார்ந்தது. மேலேயும் கீழேயும் மூட்டையின் வாயைக் கட்டியதுபோல் சுருக்கம். நான் துணியை மடித்து டக் பிடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு டக்கும் ஒரு நாட்டையே விழுங்கிவிட்டது. பத்தொன்பது வருஷமாகக் கத்தரி பிடிக்கிறேன், எத்தனையோ தொந்திகளுக்குச் சட்டை வெட்டியிருக்கிறேன். இந்த உடம்பு மட்டும் பிடிபடவில்லை.

துறைமுக அலுவலகத்தில் கடல் வரைபடம் வரைகிறவர் நீங்கள். உருண்டைக்கு எப்படி வெட்டுவது என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. அளவு எழுதி அனுப்பினால் போதும். நேரில் வரச் சொல்லவில்லை. சொன்னாலும் வரப்போவதில்லை என்பது தெரிந்த கதைதான். என் வீட்டுக்காரரை அடக்கம் பண்ணிய அன்றே தலையைக் காட்டாதவர், ஆறு வருஷம் கழித்தா வரப்போகிறீர்கள்?

வாலுவுக்கு வருஷா வருஷம் நீங்கள் அனுப்பும் கோட்டு வந்தது. இந்த வருஷமும் கை குட்டை. பார்க்காமலே அளவெடுத்தால் அப்படித்தான் இருக்கும். அவளுக்குப் பதினொரு வயதாகிறது. போன வாரம் பள்ளிக்கூடத்தில் அப்பாவைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார்களாம். "என் அப்பா கப்பலில் இன்ஜின் பார்த்தார். கப்பல் முழுகியபோது தனியாக ஒரு சின்னப் படகில் தப்பினார். அப்பா ஒரு இடத்தில் சும்மா இருக்க மாட்டார். அதனால்தான் செத்துப்போனார்" என்று எழுதியிருக்கிறாள். நான் சொல்லிச் சொல்லி அவள் வாயில் வந்ததுதான். தப்பென்று தோன்றவில்லை. தேடுகிறவர்கள் வட்டம் போட்டுத் தேடினார்கள். இவர் துடுப்புப் போட்டுக்கொண்டு அந்த வட்டத்துக்கு வெளியே போய்ச் செத்தார். அறிக்கையே அப்படித்தானே சொல்கிறது. சமையலறையில் உட்கார்ந்து ஒரு கோப்பைத் தேநீரை முழுசாகக் குடித்து முடிக்காத மனுஷர், கடலில் மட்டும் பொறுமையாக இருந்துவிடுவாரா? இன்றைக்கும் அவர் படத்துக்கு முன்னால் நின்று திட்டுகிறேன்.

அளவு மட்டும் அனுப்புங்கள்.

தங்கை

*

பிப்ரவரி 17

சுண்டு,

உன் கையெழுத்தை உறையில் பார்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பிரிப்பதற்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. வாய் நிறைய நீ, நீ என்று சண்டை போட்ட பிள்ளை இப்போது "நீங்கள்" என்கிறது. திட்டியிருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது.

முதலில் வேலை. போர்த்துகிற எண்ணத்தை விடு. பன்னிரண்டு இதழ்களாக வெட்டு. ஒவ்வொன்றும் நடுவில் அகலமாய், இரண்டு முனையும் கூராய் இருக்கும். நீளம் மூன்று மீட்டர் பதினான்கு சென்டிமீட்டர். நடு அகலம் ஐம்பத்திரண்டரை. முனைக்குப் போகும் வழியில் மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில், அதாவது அறுபதாவது டிகிரியில், அகலம் சரியாகப் பாதியாகிவிடும். தையலுக்கு ஓரம் விடுவது உன் பாடு. படத்தையும் இதழ் இதழாகவே அச்சடிக்கச் சொல். மாதிரித் தாள் இத்துடன் இருக்கிறது.

உங்கள் சூப்பர்வைசர் வாங்கி வந்தது மாலுமிகள் படம். இந்த இதழ்களைத் தரையில் வரிசையாக வைத்துப் பார், நடுவில் மட்டும் ஒட்டும், மேலே போகப் போக இடைவெளி விழும். அந்த இடைவெளியை மூட, ஒவ்வொரு இதழையும் பக்கவாட்டில் இழுத்துவிடுகிறோம். அப்படி மட்டும் இழுத்தால் தீவுகள் நசுங்கும், திசை கோணும். அதனால் அதே அளவுக்கு மேல்நோக்கியும் இழுக்கிறோம். உருவம் பிழைக்கும், அளவு கெடும். அறுபதாவது டிகிரியில் எல்லாமே இரண்டு மடங்கு பெரிதாய்த் தெரியும். கப்பல்காரனுக்குத் திசைதான் முக்கியம் என்பதால் இந்தப் பொய்யோடு குடும்பம் நடத்துகிறோம்.

அதனால் அந்தப் படத்தில் தூரத்தை ஒரே அளவுகோலால் அளக்க முடியாது. ஓரத்தில் டிகிரிக் கோடுகள் இருக்கும். ஒரு டிகிரி உயரம் என்றால் எங்கேயும் அறுபது கடல் மைல். ஆனால் எந்த இடத்தை அளக்கிறாயோ அதற்கு நேரே உள்ள ஓரத்தில்தான் கவராயத்தை விரிக்க வேண்டும். கீழே விரித்ததை மேலே கொண்டுபோய் வைக்கக் கூடாது. இது உன் வேலைக்குத் தேவையில்லை. ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. எழுதியதை அடிக்கவும் கை வரவில்லை.

மச்சானை அப்படித் திட்டாதே, சுண்டு. குழந்தையிடமும் அப்படிச் சொல்லாதே.

நான் வராததற்குக் காரணம் நீ நினைப்பது எதுவும் இல்லை.

அண்ணா

*

மார்ச் 1

அண்ணா,

உன் இதழ்கள் ஜம்மென்று உட்கார்ந்துவிட்டன! பதினோரு தையல் மெஷினில் போட்டு, கடைசித் தையலைக் கையால் போட்டேன். உள்ளே காற்றடித்ததும் கூடத்தில் இருந்த ஒன்பது பேரும் கை தட்டினார்கள். சூப்பர்வைசர் தானே கண்டுபிடித்ததுபோல் உருண்டையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டு நின்றார். "உங்க அண்ணன் பெரிய ஆளுதான்"னு சொன்னார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன். கவனித்தாயா, "நீ" திரும்பி வந்துவிட்டது.

ஒரு காரியம் செய்தேன். மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரம், அவர் கப்பல் கடைசியாக வயர்லெஸ்ஸில் பேசியதாக அன்று எனக்குச் சொன்ன இடத்தை உருண்டையில் தேடினேன். அறுபத்திரண்டாவது டிகிரி, வெறும் நீலத் துணி. அங்கே ஒரு குண்டூசி குத்தினேன். விசாரணை முடிந்ததும் உங்கள் அலுவலகம் கொடுத்த கோப்பு அலமாரியில் கிடந்தது. அதில், அவர் துடுப்புப் போட்டு வட்டத்துக்கு வெளியே போனார் என்ற இரண்டு வரியைத் தவிர இதுவரை எதையும் நான் பார்த்ததில்லை. இப்போது பிரித்தேன். அவரும் படகும் கிடைத்த பாறை எந்த டிகிரியில் என்று போட்டிருந்தது. அங்கேயும் ஒரு குண்டூசி. நடுவில் நூலை இழுத்துப் பிடித்தேன். எவ்வளவு தூரம் போய்விட்டார் என்று பார்க்கத்தான். திட்டுவதற்கு ஒரு கணக்கு வேண்டாமா?

நூல் பதினைந்து மில்லிமீட்டர்தான் வருகிறது. இந்த உருண்டையில் ஒரு டிகிரி பதினேழரை. ஒரு டிகிரி அறுபது மைல் என்று நீதான் எழுதினாய். தேடிய வட்டமும் அறுபது மைல் என்றுதான் அறிக்கையில் இருக்கிறது. அப்படியானால் பாறை வட்டத்துக்கு உள்ளே அல்லவா வருகிறது? மூன்று தடவை அளந்துவிட்டேன். எனக்குக் கணக்கு என்றைக்கு ஒழுங்காக வந்தது? எங்கேயோ சொதப்பியிருக்கிறேன். எங்கே என்று சொல்.

வாலு உன் மாதிரித் தாளை எடுத்துக் கதவில் ஒட்டிவிட்டாள்.

சுண்டு

*

மார்ச் 6

சுண்டு,

துணி இழுபடும். காற்றடித்த உருண்டை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி உப்பாது. நூலும் நெகிழும். அதை வைத்து முடிவுக்கு வராதே. உருண்டை நன்றாக வந்ததில் சந்தோஷம்.

வேலை அதிகம். பிறகு எழுதுகிறேன்.

அண்ணா

*

மார்ச் 11

அண்ணா,

துணி இழுபடும் என்று எனக்கே சொல்லிக்கொடுக்கிறாயா? இந்தத் துணி எவ்வளவு இழுபடும் என்று வெட்டும் முன்பே தண்ணீரில் போட்டு, இஸ்திரி போட்டு அளந்தவள் நான். சப்பைக்கட்டு கட்டாதே.

கோப்பில் நீ வரைந்த தாளின் நகலும் இருக்கிறது. அதை மேஜையில் விரித்து, நீ எழுதியபடியே ஓரத்தில் அளந்தேன். அறுபத்திரண்டாவது டிகிரிக்கு நேரே ஒரு டிகிரி பத்தரை சென்டிமீட்டர். உன் வட்டத்தின் மையத்திலிருந்து கோடு வரைக்கும் எட்டுதான் இருக்கிறது. எட்டு எங்கே வருகிறது என்று ஓரத்தில் கீழே கீழே இறங்கித் தேடினேன். துறைமுகத்துக்கு நேரே வருகிறது. அங்கே ஒரு டிகிரி சரியாக எட்டு.

பாறை மையத்திலிருந்து ஒன்பது சென்டிமீட்டர் சொச்சத்தில் இருக்கிறது.

நான் நினைப்பது தப்பு என்று ஒரு வரி எழுது. அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

*

மார்ச் 19

சுண்டு,

நீ நினைப்பது சரி. உன் கணக்கில் தப்பு இல்லை.

அன்று காலை நான் செய்துகொண்டிருந்தது தினசரி வேலை. துறைமுகத்தைச் சுற்றி அறுபது மைலுக்குப் புயல் எச்சரிக்கை வட்டம். கவராயத்தை ஓரத்தில் விரித்து, திருகை இறுக்கி, வட்டம் போட்டு, மேஜையில் வைத்தேன். அப்போதுதான் மச்சானின் கப்பல் முழுகிய செய்தி வந்தது. மூன்று பேரை மிதவையிலிருந்து தூக்கிவிட்டார்கள், இன்ஜின்காரர் மட்டும் சின்னப் படகில் மூடுபனிக்குள் போய்விட்டார் என்றார்கள். அந்த இன்ஜின்காரர் யார் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

நீரோட்டத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்து, நான்கு நாளில் அறுபது மைலுக்கு மேல் போக முடியாது என்றார்கள். அதிகாரி, "அறுபது மைல் வட்டம் போடுங்க, சீக்கிரம், விமானம் கெளம்பப் போகுது"ன்னார். கவராயம் அறுபதில் தயாராகக் கையருகே இருந்தது. எடுத்தேன், மேலே வைத்தேன், சுற்றினேன். திருகைத் தொடக்கூட இல்லை. இருபத்தைந்து வருஷத்தில் பயிற்சிக்கு வந்த யாராவது அப்படிச் செய்திருந்தால் கையிலேயே அடித்திருப்பேன். சுண்டு, என் கண் தாளில் இல்லை. உன்னிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அறுபது மைல் என்று நான் போட்ட வட்டம் உண்மையில் நாற்பத்தாறு மைல். நான்கு நாள் அதற்குள்ளேயே சலித்தார்கள். பிறகு தேடல் முடிந்தது என்று திரும்பிவிட்டார்கள்.

பதினோராம் நாள் ஒரு மீன்பிடிப் படகு அந்தப் பாறையிலிருந்து தகவல் சொன்னது. அந்த இடத்தை நான்தான் தாளில் குறித்தேன். புள்ளி கோட்டுக்கு வெளியே விழுந்தது. அதிகாரி பார்த்துவிட்டு, "அப்போ மனுஷன் துடுப்புப் போட்டுக்கிட்டு வெளிய போயிருக்காரு. இருந்த எடத்துல இருக்கணும்னு எத்தனை தடவ சொல்லிக்குடுக்குறோம்!"னு தலையில் அடித்துக்கொண்டார். நான் அப்போதுதான் முறைப்படி ஓரத்தில் அளந்தேன். ஐம்பத்து மூன்று. வாயைத் திறக்க வேண்டிய நேரம் அதுதான். நான் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்று பயந்தேன். அதைவிட, நீ என்னைப் பார்க்கப்போகும் பார்வைக்குப் பயந்தேன். மறுநாள் அறிக்கையில் அந்த இரண்டு வரி ஏறிவிட்டது.

டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். எட்டாம் நாள் வரை மச்சான் உயிரோடு இருந்தார்.

அவர் எங்கும் போகவில்லை, சுண்டு. நீரோட்டம் கொண்டுபோய்ச் சேர்த்த பாறையில் படகைக் கட்டிவிட்டு, துடுப்பில் சட்டையைக் கட்டி நட்டுவைத்து, இருந்த இடத்திலேயே இருந்தார். சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்தார்.

அந்த ஓர அளவு விஷயத்தை உனக்கு ஏன் எழுதினேன் என்று கேட்பாய். தாள் உன்னிடம் இருப்பது எனக்குத் தெரியாது. யாராவது கண்டுபிடித்துத் தொலைக்கட்டும் என்று மனசின் ஒரு மூலை நினைத்திருக்கலாம். ஆனாலும் நீ கேட்டதும் துணிமேல் பழியைப் போட்டேன் பார், அதுதான் நான்.

அண்ணா

*

மார்ச் 30

உங்கள் கடிதம் வந்து ஒரு வாரமாகிறது. இன்றுதான் பேனாவைத் தொட முடிந்தது.

வட்டத்தைத் தப்பாகப் போட்டதைக்கூட என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. என் வேலையிலும் கை தவறும். முந்தைய ஆளின் அளவை வைத்துக்கொண்டு வேறு ஆளுக்குத் துணி வெட்டியிருக்கிறேன். அதற்காக உங்களை எப்படி வெறுப்பது என்று தெரியவில்லை, அழத்தான் முடிகிறது. நாற்பத்தாறுக்கும் ஐம்பத்து மூன்றுக்கும் நடுவில் ஏழு மைல். என் உருண்டையில் அது இரண்டு மில்லிமீட்டர். இரண்டு மில்லிமீட்டரை எங்கள் கூடத்தில் தப்பென்றே யாரும் சொல்ல மாட்டார்கள், இஸ்திரியில் சரிபண்ணிவிடுவோம்.

ஆனால் பழியைத் தூக்கிச் செத்தவர் தலையில் போட்டார்களே, அப்போது பக்கத்தில் நின்றீர்களே! ஆறு வருஷம், அண்ணா. தினமும் அவர் படத்துக்கு முன்னால் நின்று, "கொஞ்ச நேரம் சும்மா இருந்திருந்தா என்ன?"ன்னு கேட்டிருக்கேன். ஒருநாள் கோபத்தில் படத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிவைத்தேன். பெற்ற பிள்ளையிடம், உன் அப்பா அவசரக்காரர், நம்மை நினைக்கவில்லை என்று சொல்லி வளர்த்தேன். அவர் அங்கே எட்டு நாள், நான் தைத்துக் கொடுத்த சட்டையைக் கழற்றிக் கொடியாகக் கட்டிவிட்டு, அந்தக் குளிரில் வெற்று உடம்போடு, வருவார்கள் வருவார்கள் என்று உட்கார்ந்திருக்கிறார். அந்தச் சட்டை என் பெட்டியில்தான் இருக்கிறது. ஒரு கை முழுக்கக் காற்றில் கிழிந்திருக்கிறது. அதைக்கூடத் தைக்க மனமில்லாமல் வைத்திருந்தேன், அவ்வளவு கோபம் அவர்மேல்.

அந்த ஆறு வருஷத்தை எனக்கு யார் திருப்பித் தருவார்கள்?

எனக்குக் கடிதம் எழுதியது போதாது. உங்கள் அலுவலகத்துக்கு எழுதுங்கள். அந்த இரண்டு வரியை எடுக்க வையுங்கள். அது நடக்கும்வரை என்னிடமிருந்து ஒரு வரியும் வராது.

*

ஏப்ரல் 24

சுண்டு,

உன் கடிதம் வந்த மறுநாளே எழுதிக் கொடுத்துவிட்டேன். அன்றைய அதிகாரி ஓய்வு பெற்றுவிட்டார். அவரையும் விசாரணைக்கு வரவழைத்தார்கள். தாளைப் பார்த்தார், ஓரத்தில் தானே அளந்தார், கவராயத்தை மடக்கி வைத்தார். பிறகு, "அந்தாளப் பத்தி நான்தானேய்யா அப்படிச் சொன்னேன்"னு மட்டும் சொன்னார். அவர் கண்ணைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

திருத்திய பக்கம் இத்துடன் இருக்கிறது. முத்திரை போட்ட அசல். "அவர் அறுபது மைல் தேடல் எல்லைக்குள்ளேயே, விதிமுறைப்படி ஒரே இடத்தில் காத்திருந்தார். எல்லை தவறாக வரையப்பட்டதால் அந்த இடம் தேடப்படவில்லை." வரைந்தது நான் என்பதும் அதில் இருக்கிறது. நான்தான் சேர்க்கச் சொன்னேன்.

வரைபட மேஜையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். பழைய தாள்களை அடுக்கிவைக்கும் அறையில் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். நியாயம்தான். கவராயத்தை ஒப்படைக்கும் முன் கேட்டு வாங்கி, அதே தாளின் இன்னொரு நகலில், சரியான இடத்தில் விரித்து, வட்டத்தை ஒருமுறை போட்டேன். பாறை உள்ளே இருக்கிறது. அதையும் அனுப்பியிருக்கிறேன். வேண்டாமென்றால் கிழித்துப் போடு.

நான் வரலாமா என்று கேட்க எனக்கு வாயில்லை. கேட்காமலும் இருக்க முடியவில்லை.

அண்ணா

*

மே 5

அண்ணா,

பக்கம் வந்தது. வட்டமும் வந்தது. கிழிக்கவில்லை.

அவர் படத்தை எடுத்துத் துடைத்து, மேஜைமேல் வைத்து, வாலுவை உட்காரவைத்துப் படிக்கச் சொன்னேன். ஒழுங்காகத்தான் படித்தாள். "காத்திருந்தார்" என்ற இடத்தில் நிறுத்தி, "எங்கேயும் போகலையாம்மா?"ன்னு கேட்டாள். "போகல"ன்னேன். "நாம வருவோம்னா?" என்றாள். நான் படத்தின் பக்கம் திரும்பினேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆறு வருஷத்தை ஒரே மூச்சில் கேட்க முடியாது, அதனால் தினமும் கொஞ்சம் கேட்கிறேன். சட்டையின் கையையும் தைத்துவிட்டேன்.

வாலு கட்டுரை நோட்டை எடுத்து, அந்த வரியை ஸ்கேல் வைத்து அடித்துவிட்டு, மேலே வேறு எழுதியிருக்கிறாள். "என் அப்பா இருந்த இடத்திலேயே இருந்தார்." டீச்சர் கேட்டால் என்ன சொல்வாய் என்றேன். முத்திரை போட்ட பேப்பர் இருக்கிறதே என்கிறாள்.

உருண்டையைப் போன வாரம் நூலகத்தில் மாட்டிவிட்டார்கள். பிள்ளைகள் அடியில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு பார்க்கிறார்கள். கொடுப்பதற்கு முன் உள்பக்கமாக, அந்தப் பாறை இருக்கும் இடத்தில், அவர் சட்டை நூலில் ஒரு முடிச்சுப் போட்டேன். வெளியே தெரியாது.

நீ வரலாமா என்று கேட்டிருக்கிறாய். தெரியவில்லை, அண்ணா. உன் முகத்தைப் பார்த்தால் எனக்கு எது முதலில் வரும் என்று எனக்கே தெரியவில்லை. வாலுவும் "மாமா எப்ப வருவாரு?"ன்னு கேட்டுவிட்டாள். தெரியாது என்றுதான் சொன்னேன். அது பொய்யில்லை.

அவளுக்கு இப்போது தோள் முப்பத்து நான்கு சென்டிமீட்டர். கை நீளம் நாற்பத்தெட்டு. வளர்கிற பிள்ளை, இரண்டு கூடவே வைத்துக்கொள்ளலாம். கோட்டு அனுப்பச் சொல்லவில்லை. அளவு எழுதியிருக்கிறேன், அவ்வளவுதான்.

சுண்டு